கார் இன்சூரன்ஸில் யாருடைய இழப்புக்கு எது கைகொடுக்கும்?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்து வைத்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் நீங்கள், திருப்பூரில் ஆறு ஆண்டுகள் ஓடிய 1,197 சிசி பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் அப்பா பெயர் ஏறிவிட்டது. அவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. வண்டியை ஓட்டப்போகிறவர்கள் நீங்களும் உங்கள் தம்பியும். பாலிசி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது, அடுத்த மாதம் முடிகிறது. தேர்ட் பார்ட்டி, ஃபுல் இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர் என்று ஏஜென்ட் மூன்று தொகைகளைச் சொல்லியிருக்கிறார். ஆறு ஆண்டு வண்டிக்கு எது போதும் என்று கேட்கிறீர்கள். தம்பி சில நாட்களில் தெரிந்தவர்களைக் கோவை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெட்ரோல் செலவோடு கொஞ்சம் பணமும் வாங்கிக்கொள்கிறார் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியது நல்லது. அதற்கும் இந்தப் பதிலில் இடம் இருக்கிறது.

ஈரோடு, கோவைப் பக்கம் கிளெய்ம் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று தொகைகளையும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் சரியான முடிவுக்கு வர முடியாது. ஒரு விபத்தில் நான்கு பேருக்கு இழப்பு வரலாம்: சாலையில் போகும் வெளியாள், உங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர், ஓட்டிக்கொண்டிருப்பவர், கடைசியாக வண்டி. நம் பக்கத்தில் இன்சூரன்ஸ் பேச்சு என்றாலே பம்பரும் பெயின்டும்தான் பேசப்படுகின்றன. குடும்பங்கள் நொடித்துப்போவதோ முதல் மூன்று இழப்புகளால்தான். அதனால் அந்த வரிசையிலேயே விளக்குகிறேன்.

தேர்ட் பார்ட்டி என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கும் காப்பு. உங்கள் வண்டி மோதி வெளியாள் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் எவ்வளவு தொகை விதித்தாலும், உச்சவரம்பு இல்லாமல் அதை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்ட வேண்டும். அடுத்தவர் சொத்துக்கு, அதாவது இன்னொருவரின் வண்டி, காம்பவுண்டுச் சுவர், மின்கம்பம் போன்றவற்றுக்கு, 7.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதன் கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிப்பதால் எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகைதான்: 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். உங்கள் வண்டி நடு வகையில் வருகிறது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 4,031 ரூபாய் ஆகும். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

அபராதத்துக்குப் பயந்து இதை எடுப்பவர்களே அதிகம். ஆனால் உண்மையில் பயப்பட வேண்டிய தொகை வேறு. அவிநாசி சாலையில் ஒரு பனியன் கம்பெனித் தையல்காரர் இரவு ஷிஃப்ட் முடிந்து மொபெட்டில் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 34, மாத வருமானம் 18,000 ரூபாய், வீட்டில் அவரை நம்பி மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர். உங்கள் கார் மோதி அவர் இறந்துவிட்டால், உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்துத் தந்த முறைப்படித் தீர்ப்பாயம் கணக்குப் போடும். ஆண்டு வருமானம் 2,16,000. நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்து 3,02,400. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 2,26,800. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக, 36,28,800 ரூபாய். இறுதிச் சடங்கு முதலிய தலைப்புகளில் வருவதும், வட்டியும் இதற்கு மேல். பாலிசி ஒரு நாள் காலாவதியாகி, அந்த நாளில் இது நடந்திருந்தால், முழுத் தொகையும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரின் தலையில் விழும். தோட்டம் துரவுகளை விற்றுக் கட்டிய குடும்பங்கள் உண்டு. பதினெட்டாயிரம் சம்பளக்காரருக்கே இந்தக் கணக்கு என்றால், கோவையில் மென்பொருள் வேலையில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பாலிசி நடப்பில் இருந்தாலும், ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்று தெரியவந்தால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன. குடிபோதை வழக்குகளிலும் இதே வழியைத்தான் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு முடிக்காத பையனிடம் சாவியைக் கொடுத்துச் சந்துக்குள் ஓட்டிப் பழகச் சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. இழப்பீட்டுத் தொகை திரும்பி வந்து வாசலில் நிற்பது அதைவிடப் பெரியது.

அடுத்து, வண்டிக்குள் இருப்பவர்கள். உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த தனியார் காரில் உங்களோடு வருகிற மாமா, அத்தை, நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோருக்கு அந்தப் பாலிசியில் காப்பு கிடையாது. மூன்றாம் நபர் என்ற வகைக்குள் அவர்களும் வந்துவிடுவார்கள் என்றே பெரும்பாலானோர் நினைத்திருக்கிறார்கள். பழநிக்குப் போய்த் திரும்பும் வழியில் வண்டி புளியமரத்தில் மோதி, பின்சீட்டில் இருந்தவர் இறந்தால், கட்டாயக் காப்பை மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும். பெரும்பாலும் அந்த வாதம் நிற்கும். அந்தக் குடும்பம் அப்போது இழப்பீடு கேட்க வேண்டியது உங்கள் அப்பாவிடம். சொந்தத்துக்குள் வழக்கு என்பது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல.

தேர்ட் பார்ட்டியோடு சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பும் சேர்ந்தது பேக்கேஜ் பாலிசி; ஏஜென்ட்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது இதைத்தான். அதில் நிலைமை வேறு. தனியார் காரில் பயணம் செய்பவர்களுக்கான பொறுப்பும் அதில் அடங்கும் என்பதை இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2009 நவம்பர் சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. உச்ச நீதிமன்றமும் பின்னால் அதை ஏற்றுக்கொண்டது. அதாவது, பேக்கேஜ் பாலிசிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பம்பர் மட்டும் வரவில்லை, பின்சீட்டில் உட்காரும் ஆட்களும் சேர்ந்து வருகிறார்கள். வண்டி பழசு, அடிபட்டால் பட்டறையில் இரண்டாயிரம் கொடுத்து டிங்கரிங் பார்த்துக்கொள்வேன், அதனால் தேர்ட் பார்ட்டி போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஆட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் ஊர்த் தீர்ப்பாயத்திலிருந்து கிளம்பிய வழக்கு ஒன்று இதே கேள்வியில்தான் போய் நின்றது. ஈரோட்டில் உள்ள தீர்ப்பாயம் கொடுத்த இழப்பீட்டை எதிர்த்து, பாலிசியில் வெளியாளுக்கு மட்டுமே காப்பு என்று சொல்லி ஒரு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அதை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில், வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லப்படுவதே இல்லை என்று வருந்தி, செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு பம்பர் டு பம்பர் காப்பு கட்டாயம் என்று உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துச் சொல்லப்பட்டதால் அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அது கட்டாயம் என்று இன்றும் யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கவலை அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாவது, ஓட்டுபவர். ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால், அவரைத் தன் வண்டிக்கே வெளியாளாகச் சட்டம் பார்க்காது. அதற்காகத்தான் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று இருக்கிறது. 2018 வரை காருக்கு 2 லட்சமாக இருந்த அந்தத் தொகை அந்த ஆண்டில் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இறப்புக்கும், இரண்டு கைகால் அல்லது இரண்டு கண்கள் போவதற்கும் முழுத் தொகை; ஒரு கை அல்லது ஒரு கண் போனால் பாதி. ஆஸ்பத்திரிச் செலவு இதில் வராது, அதற்கு மருத்துவக் காப்பீடுதான் வேண்டும்.

உங்கள் வீட்டில் பெரிய ஓட்டை இருப்பது இந்த இடத்தில். இந்தக் காப்பு ஆர்.சி. உரிமையாளருக்கு, அதுவும் செல்லுபடியாகும் உரிமம் அவரிடம் இருந்தால் மட்டும். அப்பாவுக்கு உரிமம் இல்லை, ஆகவே அவருக்குப் பொருந்தாது. நீங்களும் தம்பியும் உரிமையாளர்கள் அல்ல, ஆகவே உங்களுக்கும் பொருந்தாது. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் தன் கவனக்குறைவால் இறந்தால், அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகக் கருதப்படுவார் என்றும், அவருடைய குடும்பம் வெளியாள் என்ற முறையில் இழப்பீடு கேட்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொங்குப் பகுதியில் வண்டியை அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ பதிவு செய்வது சகஜம். கடன், வருமான வரி, ராசி என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் தினமும் ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு ஒரு ரூபாய்க் காப்பும் இல்லாமல் போவது அந்த ஏற்பாட்டின் விளைவு. அதனால் நீங்களும் தம்பியும் அவரவர் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றைத் தனியாக எடுங்கள். அது இந்தக் காரோடு கட்டுப்படாது, பைக்கில் போகும்போதும் பஸ்ஸில் போகும்போதும் உதவும், பிரீமியமும் குறைவு. உங்களோடு பயணம் செய்பவர்களுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை விபத்துக் காப்பைக் கார் பாலிசியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் அவருக்கான சட்டப் பொறுப்பை ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டிச் சேர்க்கலாம். இத்தனை மலிவான காப்பைப் பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இனி வண்டி. சொந்தச் சேதக் காப்பில் விபத்து, தீ, இடி, திருட்டு, கலவரம், வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு, பாறைச்சரிவு ஆகியவை அடங்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலோ, பண்ணாரிக்கு மேலே திம்பம் சாலையிலோ மழைக்காலத்தில் பாறை உருண்டு விழுந்தால் அது பாலிசியில் உண்டு. பொள்ளாச்சித் தோப்பில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் தேங்காய் விழுந்தாலும் வெளிக் காரணத்தால் நேர்ந்த விபத்து என்ற வகையில் வரும். தேய்மானம், எந்திரக் கோளாறு, மின்கோளாறு ஆகியவை வரா.

திருட்டுப் போனாலோ முழுச் சேதமானாலோ கிடைக்கும் உச்சத் தொகையை ஐ.டி.வி. என்கிறோம். புது வண்டியின் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று கழித்து அது கணக்கிடப்படுகிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. இங்கே கவனம் தேவை: பிரீமியம் குறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் ஐ.டி.வி.யை இறக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு ஏஜென்ட்களின் தொகையை ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்பிடவே கூடாது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழுச் சேதமாகக் கணக்கிடப்படும் என்பதால், குறைத்துப் போட்ட ஐ.டி.வி. உங்கள் வண்டியைச் சீக்கிரமே அந்த எல்லைக்கும் தள்ளிவிடும்.

சாதாரண பேக்கேஜ் பாலிசிக்கும் பம்பர் டு பம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பில்லைப் பார்த்தால் விளங்கும். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. பெருந்துறை அருகே முன்னால் போன லாரி திடீரெனப் பிரேக் போட, உங்கள் கார் முட்டிவிடுகிறது. முன் பம்பர் 12,000, பானெட் 10,000, முன் கண்ணாடி 8,000, பெயின்டிங் 12,000, கூலி 6,000. மொத்தம் 48,000 ரூபாய். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கிறார். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் வண்டியின் வயது என்னவாக இருந்தாலும் பாதிதான், 6,000. பானெட் உலோகம், ஐந்து முதல் பத்து ஆண்டு வரையான வண்டிக்கு 40 விழுக்காடு கழிவு, ஆக 6,000. கண்ணாடிக்குக் கழிவு இல்லை, 8,000. பெயின்டிங் பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் விலையாக வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 10,500. கூலி முழுசாக 6,000. கூட்டினால் 36,500, அதில் 1,500 சிசி வரையான காருக்குரிய கட்டாயக் கழிவு 1,000 போக, நிறுவனம் தருவது 35,500. உங்கள் கையிலிருந்து 12,500. பம்பர் டு பம்பர் எனும் தேய்மானமில்லாக் காப்பு இருந்திருந்தால், உதிரி பாகங்களுக்கான இந்தக் கழிவுகள் நீங்கி, அந்த ஆயிரமும், சேர்க்காவிட்டால் ஆயில், கிரீஸ், போல்ட் போன்ற நுகர்பொருள்களும் மட்டுமே உங்கள் செலவாக இருந்திருக்கும்.

புது வண்டிக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். ஆறு ஆண்டு வண்டிக்கு எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. தருகிறவையும் பிரீமியத்தைக் கூட்டி, ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று எண்ணிக்கை வைக்கக்கூடும். கிடைக்கும் விலையை மேலே போட்ட கணக்கின் 12,500 போன்ற தொகையோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். திருப்பூர் நெரிசலில் தினமும் ஓட்டுவதாக இருந்தால் ஒரு முடிவு, வாரம் ஒருமுறை சத்தி போய் வருவதாக இருந்தால் வேறு முடிவு.

இன்ஜின் காப்பு அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. கோவையில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் அவிநாசி சாலை மேம்பாலத்தின் கீழ்ப்பாலம், லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே உள்ள பாலம் ஆகிய இடங்களில் தண்ணீர் தேங்குவது ஊரறிந்தது. வண்டி பாதியில் நின்றுவிடும். உதவிக்கு வருகிறவர் நல்லெண்ணத்தோடு, “ஏனுங்கண்ணா, இன்னொருக்கா ஸ்டார்ட் அடிச்சுப் பாருங்களே” என்பார். அந்த ஒரு சாவித் திருப்பலில், காற்று போகும் வழியாக உள்ளே ஏறிய தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் இன்ஜின் பிளாக்கே உடையும். வெள்ளம் பாலிசியில் உண்டுதான், ஆனால் இந்தச் சேதம் வெள்ளத்தால் நேரடியாக வந்ததல்ல, நின்ற வண்டியை மறுபடி கிளப்பியதால் வந்த பின்விளைவு என்று சொல்லி நிறுவனங்கள் இன்ஜின் செலவை மறுக்கின்றன. சீட்டு, கார்பெட், வயரிங் ஆகியவற்றுக்குப் பணம் வரும், இன்ஜினுக்கு வராது. இன்ஜின் காப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால் இதற்கு வழி உண்டு; அதிலும் சில பாலிசிகள் தண்ணீருக்குள் மீண்டும் கிளப்புவதை விலக்கி வைத்திருப்பதால் வாசகத்தைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். காப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீரில் நின்ற வண்டியைத் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். சாவியைத் தொடக் கூடாது.

சாவிக் காப்பு, டயர் காப்பு, உடைமைகளுக்கான காப்பு ஆகியவை உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. வாங்கிய பில் தொகையையே திருப்பித் தரும் காப்பு புது வண்டிகளுக்கானது.

தம்பியின் விமான நிலையச் சவாரிக்கு வருகிறேன். உங்களுடையது ஓன் போர்டு வண்டி. தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில், வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஆள் ஏற்றுவது விலக்கப்பட்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிப்போகும்போது விபத்து நடந்து, பயணி தன் வாக்குமூலத்தில் இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால், வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். பயணிக்கான இழப்பீட்டையும் உரிமையாளர் தலையில் கட்ட நிறுவனம் முயலும். டி போர்டு போட்டு, பெர்மிட்டும் வணிக வாகனப் பாலிசியும் எடுத்து ஓட்டுவதே அந்தத் தொழிலுக்கான வழி. அது கட்டுப்படியாகாது என்றால் சவாரியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். முன்னே சொன்ன காப்புகளில் முக்கியமானவற்றை வலுவிழக்கச் செய்யும் பழக்கம் இது. பழைய உரிமையாளர் கேஸ் கிட் பொருத்தியிருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஆர்.சி.யிலும் பாலிசியிலும் அது பதிவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் தீ விபத்துக் கிளெய்மில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

நோ கிளெய்ம் போனஸ் பற்றி ஏஜென்ட் ஏதாவது சொல்லியிருப்பார். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 என்று விழுக்காடு ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி அது. சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்துக்கு மட்டும் பொருந்தும், தேர்ட் பார்ட்டிக்குப் பொருந்தாது. இந்த போனஸ் வண்டிக்கு உரியதன்று, பாலிசிதாரருக்கு உரியது. விற்றவர் சம்பாதித்த 45 விழுக்காடு அவரோடு போய்விடும். கடிதம் வாங்கிவைத்து மூன்று ஆண்டுக்குள் தன் அடுத்த காருக்கு அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே உங்கள் அப்பா பெயரில் போடும் பாலிசி, அவருக்கு வேறு கார் வழியாக போனஸ் இல்லாத நிலையில், பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய பாலிசியின் போனஸை அப்படியே தொடர்கிறேன், பிரீமியம் குறையும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தப்பான விவரம் கொடுத்துப் பெற்ற தள்ளுபடி என்று கிளெய்ம் நேரத்தில் அது வெளிப்படும். மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காகப் பெரிய தொகை தகராறில் மாட்டிக்கொள்ளும். பின்னால் உங்களுக்கு போனஸ் சேர்ந்த பிறகு, சிறு கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாமல், அடுத்த ஆண்டுகளில் இழக்கப்போகும் தள்ளுபடியையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த போனஸ் முழுவதும் போய்விடும்.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், புது வண்டி வாங்கும் சொந்தக்காரர்களிடம் சொல்ல ஒரு செய்தி: உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே விற்கப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதக் காப்பு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். மூன்று வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நினைப்பில் இரண்டாம் ஆண்டில் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, வண்டி திருட்டுப் போன பிறகு எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு.

ஆக, உங்கள் வண்டிக்கு என் கருத்து இது: பேக்கேஜ் பாலிசி, பயணிகளுக்கான விபத்துக் காப்பு, இந்த வயது வண்டிக்குக் கிடைத்தால் இன்ஜின் காப்பு, உங்களுக்கும் தம்பிக்கும் தனியே விபத்துக் காப்பீடு. பணம் இடித்தால் பம்பர் டு பம்பரை விடுங்கள், பேக்கேஜை விடாதீர்கள்.

பாலிசி கைக்கு வந்தவுடன் இன்ஜின் எண், சேஸிஸ் எண், சிசி, இருக்கை எண்ணிக்கை, ஐ.டி.வி. ஆகியவற்றை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகப்பில் பேக்கேஜ் என்று இருக்கிறதா, பொறுப்புக் காப்பு மட்டும் (அதாவது தேர்ட் பார்ட்டி மட்டும்) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னால் கிளெய்மில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையான தகராறுகளை அவர் விசாரிக்கலாம்.

கடைசியாக, அவசரமான ஒன்று. அடுத்த மாதம் பாலிசி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம். வண்டி கைமாறும்போது தேர்ட் பார்ட்டிக் காப்பு சட்டத்தின் 157ஆம் பிரிவுப்படி வாங்கியவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொந்தச் சேதக் காப்பு அப்படித் தானாக மாறாது. நிறுவனம் பெயரை மாற்றிக் கொடுக்கும்வரை, விற்றவருக்கு வண்டியில் உரிமை இல்லை, உங்கள் அப்பாவுக்குப் பாலிசியில் பெயர் இல்லை. இந்த இடைவெளியில் வண்டி அடிபட்டால் இரண்டு பேருக்கும் பணம் வராது. ஆர்.சி. நகல், விற்றவர் கையெழுத்திட்ட படிவம், பழைய பாலிசி, விற்றவரின் போனஸுக்காக மீதி நாட்களுக்குக் கட்ட வேண்டிய வித்தியாசத் தொகை ஆகியவற்றோடு நாளையே அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். அவர்கள் வண்டியை ஒருமுறை ஆய்வு செய்யக் கேட்பார்கள். வண்டியையும் கூடவே எடுத்துப் போய்விட்டால் ஒரே நடையில் வேலை முடியும்.